ஒரே அடித்தளம், பல வண்டிகள்



உயர்நிலை மூன்றாம் வகுப்புக்காக நான் தயாரித்த வாசிப்புப் பகுதி ஒன்று சென்ற பருவத்தில் சிறு சலசலப்பை உண்டாக்கிற்று. அதன் பொருள் கார். இன்னும் நுட்பமாகச் சொன்னால், பின்சக்கரங்களால் உந்தப்படும் ஒரு காரின் அடிப்பகுதியைப் பல கார்கள் பங்கிட்டுக்கொண்ட வரலாறு. பெற்றோர் சந்திப்பின்போது ஒரு தாயார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பொங்கல், தீபாவளி, நம் பண்பாடு என்று சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறதே டீச்சர், காரைப் பற்றிப் படிக்க ஆங்கிலம் போதாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; உண்மையான ஐயத்தோடுதான் கேட்டார். வரிசையில் மற்றவர்கள் காத்திருந்ததால் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

இதற்கெல்லாம் காரணம் ஒரு மாணவன். வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில் காணொளி ஒன்றைக் காட்டி அதைப் பற்றி உரையாடச் சொல்வோம் அல்லவா? அன்று பொதுப் போக்குவரத்து பற்றிய காணொளி. இந்த மாணவன் வழக்கமாக "ஆமாம்", "இல்லை", "நல்லது" என்ற மூன்று சொற்களுக்குள் தமிழை முடித்துக்கொள்பவன். அன்று தானாகவே தொடங்கினான். "என் தாத்தா டாக்சி ஓட்டினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பின்னால் நடுவில் உட்காருவேன். அங்கே கீழே ஒரு…" என்று சொல்லி நின்றுவிட்டான். கையால் ஒரு மேட்டை வரைந்து காட்டினான். அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கு ஆங்கிலத்திலும் அதற்குச் சொல் தெரிந்திருக்கவில்லை. வகுப்பில் யாருக்குமே தெரியவில்லை.

பழைய டாக்சியில் பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்த ஒவ்வொருவரும் அந்த மேட்டை அறிவர். கால்களை அதன் இருபுறமும் அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது முழங்கால் நெஞ்சில் இடிக்க அதன் மேலேயே வைக்க வேண்டும். மூவர் அமரும்போது குடும்பத்தில் இளையவர்க்கே அந்த இடம். இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது மிகவும் தாழ்ந்துபோய்விட்டது, அல்லது அறவே இல்லை. அது ஏன் இருந்தது, ஏன் மறைந்தது என்பதைச் சொன்னாலே பாதிக் கதை சொல்லியாகிவிடும்.

காரின் இயந்திரம் முன்னால் இருக்கிறது. அதன் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்ல இரு வழிகள் உண்டு. அருகிலேயே இருக்கும் முன்சக்கரங்களைச் சுழற்றலாம். அல்லது நீண்ட இரும்புத் தண்டு ஒன்றைக் காரின் நடுவே நெடுக ஓடவிட்டுப் பின்சக்கரங்களைச் சுழற்றலாம். இரண்டாவது வழியே பின்சக்கர இயக்கம். அந்தச் சுழலும் தண்டுக்கு இடம்விடத்தான் தரை நடுவில் மேடாக எழுந்தது. தண்டின் மறுமுனையில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டு இருக்கும். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டுமே, அதற்கு இடங்கொடுப்பது அதன் வேலை.

இடத்தை அடைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை டாக்சிக்காரர்கள் ஏன் விரும்பினார்கள்? முன்சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டுமே இருப்பதால், அவற்றை அதிகமாக ஒடித்துத் திருப்ப முடிகிறது. பஃப்ளோ சாலையிலோ டன்லப் தெருவிலோ நெரிசலில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆட்களும் பெட்டிகளும் பின்னால் ஏற ஏற, உந்தும் சக்கரங்களின் மீதே பாரம் விழுகிறது, பிடிப்பு கூடுகிறது. பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருப்பதால் ஒன்றைக் கழற்ற மற்றொன்றைத் தொட வேண்டியதில்லை. நாளெல்லாம் ஓடிச் சம்பாதிக்கும் வண்டிக்கு அது சிறு விஷயமன்று.

அந்த மாணவனின் தாத்தா ஓட்டியது டொயோட்டா கிரௌன். சிங்கப்பூரில் ஒரு தலைமுறைக்கு டாக்சி என்றாலே அந்த உருவந்தான் நினைவுக்கு வரும். இவற்றில் பிற்காலத்தில் ஓடியது 'கிரௌன் கம்ஃபர்ட்' என்ற வகை. 1995இல் ஜப்பானில் டாக்சிக்கென்றே செய்யப்பட்டது. பெயரைக் கேட்டதும் நம் ஊர் கம்ஃபர்ட் நிறுவனத்துக்காகச் செய்தது என்று பலர் நினைப்பதுண்டு. அது தற்செயல் ஒற்றுமை. நம் கம்ஃபர்ட் 1970இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு. பின்னர் நிறுவனமாகி, 2003இல் டெல்குரோவுடன் இணைந்தது.

பெயர் கிரௌன் ஆயினும் அந்த வண்டியின் அடித்தளம் கிரௌனுடையது அன்று என்பதுதான் சுவையான செய்தி. டொயோட்டா 1988இல் வெளியிட்ட 'மார்க் 2' என்ற காரின் அடித்தளத்தைத்தான் டாக்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 'சேஸர்', 'கிரெஸ்டா' என்ற வேறிரு கார்களும் அதே அடித்தளத்தில் நின்றவைதாம். அந்த மூன்றும் ஜப்பானிய நடுத்தர வர்க்கத்தின் மிடுக்கான கார்கள். அவற்றின் அடியில் இருந்த அதே எலும்புக்கூட்டின் மீது, உயரமான கூரையும் நேரான கதவுகளும் வைத்து உழைப்பாளி ஒருவனை உருவாக்கிவிட்டார்கள். மிடுக்கான உடன்பிறப்புகள் புதுப்புது வடிவமெடுத்து மறைந்த பின்பும் இந்த உழைப்பாளி 2017 வரை ஜப்பானில் உற்பத்தியில் இருந்தான்.

இந்த முறை கார் உலகில் புதிதன்று. நம் ஊரில் ஐம்பது, அறுபதுகளில் டாக்சியாக ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் இறுதியில் வந்த வடிவங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கார்; முகப்பும் பெயர்ப்பட்டையும் வேறு. வுல்ஸ்லி, ரைலி, எம்.ஜி. என்ற பெயர்களிலும் அதே கார் விற்கப்பட்டது. ஒரே பிள்ளைக்கு ஐந்து சட்டை.

ஆனால் வகுப்பில் நான் விரிவாகச் சொன்னது இவற்றையல்ல. சென்னைக்கு அருகில் வண்டலூரில் நடந்த கதையை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கதையின் தொடக்கம் இங்கிலாந்தில் உள்ள கவென்ட்ரி நகரம். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1903இல் அங்கே தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் டிரையம்ப் என்ற பெயரையும் அது வாங்கிக்கொண்டது. ஐம்பதுகளில் அந்த நிறுவனத்துக்கு ஒரு நெருக்கடி. அது தன் சிறிய கார்களுக்கான கூடுகளை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடமிருந்து பெற்றுவந்தது. 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழுக் கூட்டைச் செய்துதர ஆளில்லை.

அந்தக் காலத்தில் கார்த்தொழில், கூடும் சட்டகமும் ஒன்றாய் உருகிய ஒற்றைக் கட்டமைப்பை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. தனிச் சட்டகம் என்பது பழமை. ஆனால் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்கு வேறு வழியில்லை. கீழே உறுதியான இரும்புச் சட்டகம். அதன்மேல் வெவ்வேறு இடங்களில் சிறு சிறு துண்டுகளாய்ச் செய்யப்பட்ட கூட்டை மரையாணிகளால் பூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. உருவத்தை இத்தாலியரான ஜொவானி மிக்கெலொட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. 948 கன சென்டிமீட்டர் இயந்திரம், பின்சக்கர இயக்கம். முன்புற மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். இயந்திரமும் முன்சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்சிகளுக்கு இணையான திறமை அது.

வேறு வழியின்றிச் செய்த ஏற்பாடுதான் பெரும் வரமாயிற்று. பாரத்தைச் சட்டகம் தாங்குவதால் மேற்கூட்டை விரும்பியபடி மாற்றலாம். கூரையைக் கழற்றினால் திறந்த கார். பின்புறத்தை நீட்டினால் சுமைக்கு வசதியான கார். கண்ணாடிகளை அடைத்தால் வேன். 1962இல் ஆறு உருளை இயந்திரத்தைப் பொருத்தி 'விட்டெஸ்' ஆக்கினார்கள். அதே ஆண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் எட்டரை அங்குலத்தைக் குறைத்து, இருவர் அமரும் 'ஸ்பிட்ஃபயர்' விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தார்கள். 1966இல் அதிலிருந்து 'ஜி.டி. 6' பிறந்தது. பாண்டு என்ற வேறொரு நிறுவனமும் இதே சட்டகத்தை வாங்கித் தன் காரைக் கட்டியது. ஹெரால்டு 1971இல் நின்றது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியது. ஹெரால்டு மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இவ்விடத்தில் வகுப்பில் சில முகங்கள் வாடத் தொடங்கின. உடனே கரும்பலகையில் (வெண்பலகைதான், பழக்கம் விடவில்லை) 'செய்' என்று எழுதினேன். செய்தான், செய்தாள், செய்வார், செய்கின்றன. பகுதி ஒன்று, விகுதிகள் பல. ஹெரால்டின் சட்டகம் பகுதி. அதன்மேல் ஏறிய கூடுகள் விகுதி. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியென்றால் ஸ்பிட்ஃபயரில் எட்டரை அங்குலம் குறைத்தது விகாரமா டீச்சர்?" என்று கேட்டாள். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தி இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு மகிழ்ச்சியான கேள்வியை நான் கேட்டதில்லை.

இனி வண்டலூர். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வான்கார்டு, பிறகு சிறிய கார்கள். வெளிநாட்டிலிருந்து துண்டுகளாகக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கக் கூடாது, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று 1953இல் இந்திய அரசு உறுதியான நிலையெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. எஞ்சியவற்றில் மூன்று கார்களைத்தான் நம் பெற்றோர் தலைமுறை அறிந்திருந்தது: கல்கத்தா அருகே அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. மூன்றும் பின்சக்கரங்களால் ஓடியவையே.

ஹெரால்டு சென்னைக்கு வந்தது 1961இல். அதன் துண்டு துண்டான உடலமைப்பு இங்கே மிகவும் பொருந்திற்று. முழுக் கூட்டையும் ஒரே அடியில் அழுத்திச் செய்யும் மாபெரும் எந்திரங்கள் இல்லாத நாட்டில், ஒவ்வொரு துண்டாகக் கற்றுக்கொண்டு செய்ய முடிந்தது. சில ஆண்டுகளில் பாகங்கள் அனைத்தும் உள்நாட்டிலேயே கிடைக்கலாயின. நாமக்கல், கரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆலையிலிருந்து லாரி வெறும் சேஸாக வரும். அதன்மேல் பட்டறையில் பாடி கட்டுவார்கள். அதே தத்துவம், சிறிய அளவில்.

பிறகு சென்னைக்காரர்கள் கவென்ட்ரி செய்யாத ஒன்றைச் செய்தார்கள். இங்கிலாந்தின் ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்னால் ஏற வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுச்சேலை உடுத்திய ஒரு பாட்டி திருமணத்துக்குப் போகும் வழியில் அப்படி நுழைவதை எண்ணிப் பாருங்கள். 1968 வாக்கில் நான்கு கதவு ஹெரால்டு வெளிவந்தது. உலகில் வேறெங்கும் அது இல்லை, வண்டலூரில் மட்டுமே. கூடு பாரந்தாங்கியாக இருந்திருந்தால் கூடுதல் கதவுக்காக அதை வெட்டத் துணிந்திருக்க முடியாது. அடியில் சட்டகம் இருந்த தைரியத்தில் வெட்டினார்கள்.

ஹெரால்டுக்கு ஒரு குறையும் இருந்தது. அதன் பின்சக்கரங்கள் ஒரே உறுதியான அச்சில் பூட்டப்பட்டவையல்ல. டிஃபரன்ஷியலின் இருபுறமும் இரண்டு அரை அச்சுகள் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடும். அவற்றுக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். விலை குறைவு, மேடுபள்ளத்தில் சுகம். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது திடீரெனக் காலை எடுத்தால், பின்புறம் எழும்பிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நம்மவர் வழக்கப்படி ஐவர் அமரும் காரில் எண்மர் அமர்ந்தாலோ, பின்சக்கரங்களின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஊஞ்சல் அச்சு பிடிக்கவில்லை. எனவே எழுபதுகளின் தொடக்கத்தில் முகத்தை மாற்றி, அடியில் உறுதியான ஒற்றை அச்சைப் பொருத்தி, 'கெஸல்' என்ற பெயரில் புதிய காரைக் கொண்டுவந்தார்கள். தாய் நிறுவனம் தன் ஸ்பிட்ஃபயரில் அதே குறையை வேறு விதமாக, ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றிச் சரிசெய்தது. ஒரே பகுதி, இரண்டு நாடுகளில் இருவேறு திருத்தம். கெஸல் குறைந்த எண்ணிக்கையில் 1977 வரை வந்தது.

இதற்கிடையில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயருக்கு நேர்ந்ததை மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டும். 1903இல் அது உயர்ந்த தரம் என்ற பொருளில் சூட்டப்பட்ட பெயர். பிற்காலத்தில் கார்களில் 'டீலக்ஸ்' என்ற சொல் புகுந்தபின், ஸ்டாண்டர்டு என்றால் வசதி குறைந்த சாதாரணமானது என்றாகிவிட்டது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று என்ன ஆயிற்று? அதே இழிபொருட்பேறுதான். இங்கிலாந்தில் 1963உடன் அந்தப் பெயரையே கைவிட்டுவிட்டார்கள். பிறந்த வீட்டில் மறைந்த பெயர் வண்டலூரில் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

முடிவு மகிழ்ச்சியானதன்று. 1983 இறுதியில் மாருதி 800 வந்தது; முன்சக்கரத்தால் இயங்கும், எடை குறைந்த, எரிபொருள் மிச்சப்படுத்தும் கார். ஸ்டாண்டர்டு 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் காரின் அழகிய உடல்; உள்ளேயோ பழைய வான்கார்டு வழிவந்த இயந்திரம். விலை அதிகம், எரிபொருள் குடித்தது. 1988இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. இன்று அந்த ஜி.எஸ்.டி. சாலையோரம் அலுவலக வளாகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

நம் கிரௌனின் முடிவு இதைவிடச் சுருக்கம். 2006 அக்டோபர் முதல் புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 4 புகைத்தரம் கட்டாயமாயிற்று. கிரௌனின் டீசல் இயந்திரம் அந்தத் தரத்தை எட்டவில்லை. அப்போது ஒரு டாக்சியின் ஆயுள் எட்டாண்டாக இருந்தது. எனவே அதற்கு முன் கடைசியாகப் பதிவான வண்டிகள் 2014 செப்டம்பரில் சாலையை விட்டு இறங்கின. அவற்றின் இடத்துக்கு வந்த ஹியூண்டாய் சொனாட்டா முன்சக்கர இயக்கம் கொண்டது. மேடு தாழ்ந்தது, நடுவில் அமர்பவரின் கால் நேராயிற்று.

இவ்வளவையும் வகுப்பில் சொல்ல எனக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. கார் அடித்தளத்துக்கு என்ன தமிழ் என்று கேட்டதற்கு, ஒரு மாணவன் இணைய அகராதியில் தேடி 'கார் நடைமேடை' என்று எழுதிவந்தான். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் கார் வந்து நிற்பதுபோல் ஒரு காட்சி தோன்றியது. இன்னொருவன் 'அடிச்சட்டகம்' என்றான். அது ஹெரால்டுக்குச் சரி. கையால் தொட்டுக் காட்டக்கூடிய சட்டகம் அங்கே உண்டு. ஆனால் கிரௌன் கம்ஃபர்ட்டில் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் கூடும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. அங்கே பொதுவாக இருப்பது ஒரு பொருளைவிட ஓர் ஏற்பாடு: தரை, அச்சுகள் நிற்கும் இடம், இயந்திரம் அமரும் விதம். அதற்கு 'அடித்தளம்' ஓரளவு பொருந்தும். 'அடி' என்றே சுருக்கிவிடலாமே என்று ஒருத்தி சொன்னாள். "இந்த மூன்று காருக்கும் ஒரே அடி" என்று நான் சொல்லிப் பார்த்ததும் வகுப்பே சிரித்துவிட்டது. யாரோ மூன்று காரையும் ஓங்கி அறைந்ததுபோல் ஒலித்தது.

ஆயினும் அந்தச் சொல்லை எனக்குப் பிடித்திருந்தது. நாம் புழங்கும் தேக்காவே ஓர் 'அடி'தான். பிள்ளைகள் பலர் அதைத் தேக்கு மரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள், தொடர்பில்லை. ஹொக்கியன் சீனத்தில் 'தேக் கியா கா' என்றால் சிறு மூங்கில்களின் அடி. ரோச்சோர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் வளர்ந்திருந்த மூங்கில்களை வைத்து வந்த பெயர் அது என்பர்.

பிறகு அந்த மாணவனிடம் வீட்டுப்பாடமாக ஒன்றைக் கேட்டேன்: தாத்தாவிடம் போய் அந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டுவா. அவர்கள் வீடு தேக்கா நிலையத்தை ஒட்டிய வீவக அடுக்குமாடியில். அடுத்த சனிக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது தாத்தாவே பேரனோடு என் எதிரில் வந்துவிட்டார். "வாங்க டீச்சர். பேரன் என்னமோ கேட்கிறான், நீங்க சொல்லி அனுப்பினதாம்" என்று சிரித்தார். கீழ்த்தளத்து உணவுக்கடையில் அமர்ந்து தேநீர் குடித்தோம்.

"அது பெயரா? நாங்க திமில்னு சொல்லுவோம்" என்றார்.

திமில்! காளையின் முதுகில் எழும் அதே திமில். கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்று மலாய்க்காரர் பெயரிட்ட இடத்தில் அமர்ந்து அந்தச் சொல்லைக் கேட்டேன். (எருமைக்குத் திமில் கிடையாது என்பது வேறு விஷயம்.) ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களா, அவரும் அவர் நண்பர்கள் சிலரும் மட்டுமா என்று நான் தோண்டிக் கேட்கவில்லை.

நான் அரைமணி நேரம் செலவிட்டு விளக்கிய பின்சக்கர இயக்கத்துக்கும் முன்சக்கர இயக்கத்துக்கும் அவரிடம் ஆளுக்கொரு சொல் இருந்தது. "கிரௌன் தள்ளுற வண்டி. சொனாட்டா இழுக்குற வண்டி. தள்ளுற வண்டிக்கு ஸ்டியரிங் லேசா இருக்கும், இழுக்குற வண்டி வளைவில கையைப் பிடிச்சு இழுக்கும்." அவ்வளவுதான். என் வாசிப்புப் பகுதியின் இரண்டாம் பத்தி முழுவதும் அந்த இரு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது.

பேரன் பக்கத்தில் அமர்ந்து கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் தன் கடைசி வண்டியைத் திருப்பிக் கொடுத்த நாளைப் பற்றிச் சொன்னார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் துடைத்து, பின்னிருக்கையின் இடுக்குகளில் கைவிட்டுப் பார்த்தாராம். நாணயங்கள் சிலவும், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையும் கிடைத்தனவாம். "அந்தக் காலுறை உன்னோடதா என்னன்னு தெரியல" என்று பேரனிடம் சொன்னார். பையன், "எனக்கு ஞாபகம் இல்ல தாத்தா. ஆனா அந்தத் திமில்மேல கால் வச்சு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கு" என்றான். அவன் தமிழில் பேசி நான் கேட்ட மிக நீண்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழையே பேசுவோர் 2010இல் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்த எண்ணைக் கண்டு கூட்டங்களில் பெருமூச்சு விடுகிறோம். வீட்டில் தமிழ் குறைகிறது என்றால் என்ன பொருள்? பண்டிகை நாளில் பேசும் தமிழ் குறைவதில்லை. அதைப் பள்ளியும் கோயிலும் வானொலியும் காப்பாற்றிவிடும். தாத்தாவின் தொழிலைப் பற்றிப் பேரன் கேட்கும் தமிழ்தான் முதலில் போகிறது. அந்தத் தாயாரின் கேள்விக்கு என் பதில் இதுதான். பொங்கலைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக அவர் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அவள் அதைத் தூக்கத்திலும் எழுதுவாள். கார் வேண்டாம் என்றால் தையல் எந்திரம், மின்தூக்கி, சந்தையில் மீன் வெட்டும் முறை என எதையேனும் அவள் தமிழில் விளக்கட்டும், எனக்குச் சம்மதமே.

சக ஆசிரியர் ஒருவரின் மறுப்பை மட்டும் முழுதாக ஏற்றுக்கொண்டேன். வாசிப்புப் பகுதி நீளம், கலைச்சொற்கள் அதிகம், பின்தங்கிய மாணவர் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவர் என்றார். டிஃபரன்ஷியல் பற்றிய பகுதியை நீக்கினேன். 'பின்சக்கர இயக்கம்' என்பதன் அருகே 'தள்ளும் வண்டி' என்றும் எழுதினேன். 'மகிழுந்து' என்று போட வேண்டும் என்றார் இன்னொருவர். 'கார்' என்றே விட்டுவிட்டேன். பெரியவரின் வாயில் ஒருமுறைகூட மகிழுந்து வரவில்லை. ஆனால் திமில் வந்தது. எந்தச் சொல் தமிழை அதிகம் காப்பாற்றுகிறது என்று நாங்கள் இருவரும் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அவரும் விட்டுக்கொடுப்பவரல்லர்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ டாக்சி, லாரி, பேருந்து ஓட்டியவர்களோ பட்டறையில் வேலை செய்தவர்களோ இருந்தால், வண்டியின் பாகங்களை அவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தமிழ், மலாய், சீனம் கலந்த சொல்லாக இருந்தாலும் தடையில்லை. கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 'திமில்' என்பதை வேறு யாரேனும் சொல்லிக் கேட்டதுண்டா என்பதையும் தெரிவியுங்கள். பெரியவர் அதை அறிய ஆவலாயிருக்கிறார்.